கொக்குக்குக் கீழே மீன்

நல்ல சீடன் வாய்ப்பது குருவின் பாக்கியம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். சொன்ன மகராசர்களில் ஒருத்தராவது தாணுலிங்கம் அண்ணாச்சியோடு ஒரே வள்ளத்தில் போயிருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

அமலி தினமும் போகிறாள். மழைக்காலம் முடிந்ததிலிருந்து போகிறாள். போதும் போதும் என்றாகிவிட்டது அவளுக்கு.

காயலில் இறகுத் தூண்டில் வீசக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. முழங்காலைத் தாண்டாத தண்ணீர். அடியில் கிடக்கும் சிப்பியை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. நண்டு தேடிச் செப்பலி மீன் அங்கே வரும். மூக்கால் மண்ணைக் கிண்டும்போது சிவந்த வால் மட்டும் தண்ணீருக்கு மேலே எட்டிப்பார்க்கும். கொக்கியில் ஆட்டுமுடியும் கோழி இறகும் கட்டி, நண்டு போல ஒன்றைச் செய்து, அதை மீனின் முகத்துக்குச் சற்று முன்னால் சத்தமில்லாமல் இறக்க வேண்டும். தலைமேல் போட்டால் ஓடிவிடும். தள்ளிப் போட்டால் சீந்தாது.

வள்ளத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். முன்பக்கம் நிற்கிறவர் தூண்டில் வீசுவார். பின்பக்க மேடையில் நிற்கிறவர் நீளக் கோலால் தரையை ஊன்றி வள்ளத்தைத் தள்ளிக்கொண்டே மீனைத் தேடிச் சொல்வார். வள்ளத்தின் மூக்கு பன்னிரண்டு மணி. அதற்கு இடப்பக்கம் பதினொன்று, பத்து. வலப்பக்கம் ஒன்று, இரண்டு. "பத்து மணி, நாப்பதடி" என்று பின்னாலிருந்து குரல் வந்தால், முன்னால் இருப்பவர் அங்கே வீச வேண்டியதுதான்.

இப்போது அந்தக் கோலுக்குத்தான் ஆள் வேண்டும். அமலியின் வலது தோளில் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குப் பிறகு கோலைத் தொட்டால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

காயல் கரையில் விருந்தாளிகள் தங்கும் குடில்களை நடத்துகிறவன் விமலன், அமலியின் சித்தி மகன். இன்றைக்குக் காலையில் வள்ளம் கிளம்பும்போதே வந்து நின்றான்.

"அக்கா, நாளைக்கு ஆளுங்க வாராங்க. கோல் பிடிக்க அண்ணாச்சியா, இல்ல கொச்சில இருந்து அந்த ஆளைக் கூப்பிடட்டுமா? மத்தியானத்துக்குள்ள சொல்லிரு."

"சொல்லுதேன்."

அண்ணாச்சி பக்கத்திலேயேதான் நின்றார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. என்ன சொல்லப்போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு, கோயிலுக்குள் நுழைகிற மாதிரி வள்ளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார்.

அவர் நாகர்கோவில் கோர்ட்டில் தபேதாராக இருந்தவர். சிவப்புப் பட்டையும் தலைப்பாகையுமாக ஜட்ஜுக்கு முன்னால் நடப்பார். ஜட்ஜ் உட்கார்ந்ததும் பின்னால் போய் நிற்பார். அதுதான் உத்தியோகம், வாழ்நாள் முழுக்க. ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர் இங்கே தூண்டில் போட வந்தபோது பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். அமலியின் கையிலிருந்து நூல் காற்றில் விரிந்து தண்ணீரில் இறங்கியதைப் பார்த்தார். வாய் அடைத்துப் போனார். தானும் ஓய்வு பெற்ற கையோடு, இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு வந்து கைகூப்பி நின்றுவிட்டார்.

இந்த இடம் இல்லையென்றால் கோயம்புத்தூரில் மகன் வீடு. எட்டாவது மாடி. மகனும் மருமகளும் நல்லவர்கள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே அவருக்கு இருக்கிற ஒரே வேலை கூரியர் வந்தால் கையெழுத்துப் போடுவது. அதை அவராகச் சொன்னதில்லை. ஒரு தடவை வாய் தவறி வந்துவிட்டது. அன்றிலிருந்து அமலிக்கு அது மனதில் முள்ளாகக் கிடந்தது.

அமலிக்கு அவர் அப்பா வயது. ஆனாலும் குருவே என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணாச்சி, என் பேரு அமலோற்பவம். அமலின்னு கூப்பிடுங்க."

"உத்தரவு குருவே."

இப்படி ஒரு மனிதரை என்ன செய்வது?

வீசுவதில் குறை கிடையாது. காட்டிய இடத்தில் இறகை அலுங்காமல் இறக்குவார். கோல் தள்ளினாலும் தண்ணீர் சலசலக்காது. மீன் மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தினமும் சாயங்காலம் வள்ளத்தைக் கட்டும்போது கேட்பார்.

"குருவே, எனக்கு எப்பம் மீன் கண்ணுல படும்?"

"தண்ணியப் பாத்தா படும்."

"பாக்கேனே குருவே."

பார்க்கிறாராம்! தண்ணீரை எங்கே பார்த்தார்? திரும்பித் திரும்பி அமலியின் முகத்தையல்லவா பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அவர் கை போகும்.

இது புரிந்த அன்று அமலி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கோல் பிடித்தாள். கண் மட்டும் இடுக்கு வழியே தெரிந்தது. அதன்மேல் கறுப்புக் கண்ணாடி.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் தவித்தார். பிறகு அவளுடைய கால் கட்டைவிரல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகுதான் அமலி பொய் சொல்லத் தொடங்கினாள். மீன் இல்லாத வெறும் மணலைக் காட்டுவாள்.

"ஒரு மணி, அம்பதடி."

அண்ணாச்சி வீசுவார். பொறுமையாக நூலை இழுத்து முடிப்பார்.

"மீன் இருந்துச்சா அண்ணாச்சி?"

"இருந்திருக்கும் குருவே."

"ஒங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

"ஒங்க கண்ணுக்குத் தெரிஞ்சா போதாதா?"

ஒருநாள் ஆத்திரம் தாங்காமல், தண்ணீரே இல்லாத மணல்திட்டைக் காட்டினாள். அங்கே ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

"ஒம்பது மணி, அறுபதடி. வீசுங்க."

வீசினார். இறகு கொக்கின் காலடியில் போய் விழுந்தது. கொக்கு குனிந்து இறகைப் பார்த்தது. நிமிர்ந்து அண்ணாச்சியைப் பார்த்தது. அதற்கே பொறுக்கவில்லை போல, பறந்து போய்விட்டது.

"அண்ணாச்சி, அங்க தண்ணி இருக்கா?"

"இல்ல குருவே."

"கொக்கு நின்னது தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது."

"பின்ன எதுக்கு வீசினீங்க?"

"கொக்குக்குக் கீழே மீன்னு சொன்னா, அதுல ஏதோ பெரிய விஷயம் இருக்கும்னு நினைச்சேன் குருவே."

அமலி கோலைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணாச்சி அதையும் உன்னிப்பாகப் பார்த்தார்.

அவருக்கு எல்லாமே உபதேசம். சோற்றுத் தூக்கை அவள் மறந்துவிட்டு வந்த அன்று அவரும் தன் தூக்கைத் திறக்கவில்லை. "பசிய ஜெயிக்கணும்னு சொல்லாம சொல்லிட்டீங்க" என்றார். இன்னொரு நாள் பாசி வழுக்கித் தண்ணீரில் விழுந்தாள். எழுவதற்குள் பின்னால் தொபுக்கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சியும் குதித்திருக்கிறார். வேட்டி மிதக்க, கைகூப்பியபடி.

விமலனிடம் இதைச் சொல்லிப் புலம்பினாள்.

"நேராச் சொல்லிர வேண்டியதுதான அக்கா? நான் தப்பாச் சொன்னா, இல்லன்னு சொல்லுங்கன்னு."

"சொன்னா என்ன செய்வாரு தெரியுமா? உத்தரவு குருவேன்னுட்டு, அன்னைக்குப் பூரா நான் எதச் சொன்னாலும் இல்ல இல்லம்பாரு. அதுவும் நான் சொன்னதாத்தானடா இருக்கும்?"

விமலன் தலையைச் சொறிந்தான்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. வாரவன் எல்லாம் பெரிய மனுசன். மீன் அங்க நிக்குன்னு அவனே கைய நீட்டுவான். இல்ல சார், அது கல்லுன்னு சொல்ல வாய் வரணும். பூம்பூம் மாடு கணக்கா தலைய ஆட்டுத ஆளை வச்சு நான் என்ன செய்ய?"

அவன் சொன்னதும் சரிதான். அமலிக்கு அதனால்தான் இன்னும் எரிச்சல். அவரை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசே இல்லை. அவர்தான் வேண்டும் என்று சொல்ல அவர் ஒரு வழி விட வேண்டுமே!

இதோ, கடைசி நாள். மத்தியானத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காற்றில்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. அமலி தோள் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு கோலை ஊன்றினாள்.

"நான் தள்ளட்டா குருவே? தோள் வலிக்குமே."

"வேண்டாம். நீங்க முன்னால நில்லுங்க. தண்ணியப் பாருங்க."

"உத்தரவு."

ஒரு நிமிஷம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு கழுத்து மெல்லத் திரும்பியது.

"என் மூஞ்சில என்ன இருக்கு அண்ணாச்சி?"

"அருள் இருக்கு குருவே."

"மாதாவே!" என்றாள் அமலி. "ரெண்டு மணி, முப்பதடி."

இரண்டு மணிக்கு ஒரு கல் கிடந்தது. வெள்ளைக் கல். சின்னப் பிள்ளைகூடக் கல் என்று சொல்லும். அண்ணாச்சி வீசினார். கொக்கி கல்லில் மாட்டிக்கொண்டது. இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன அது?"

"கல்லு குருவே."

"வீசுததுக்கு முன்னாலயும் கல்லாத்தான இருந்துச்சு?"

"ஆமா."

"சொல்லலாம்லா?"

"நீங்க மீன்னு சொன்னப்ப, அதுக்கு மேல நான் கல்லுன்னு சொல்ல யாரு?"

அமலிக்குக் கோபம் பொங்கியது. கோலை ஊன்றி ஊன்றித் தள்ளினாள். எந்தப் பக்கம் போகிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் வேரிறங்கி நிற்கும் கண்டல் மரங்களைத் தாண்டி, உள்பக்கத்துத் திட்டுக்கு வள்ளம் போய்க்கொண்டே இருந்தது. "பத்து மணி" என்றாள், அங்கே ஒன்றும் இல்லை. வீசினார். "மூணு மணி" என்றாள், அங்கேயும் ஒன்றும் இல்லை. வீசினார். மனுஷனுக்குக் கை வலிக்காதா, சலிக்காதா, ஒரு பெருமூச்சாவது வராதா?

சர்ர் என்று அடியில் ஒரு சத்தம். வள்ளம் நின்றுவிட்டது.

அமலி கோலால் உந்தினாள். அசையவில்லை. குனிந்து பார்த்தாள். கணுக்காலுக்குத்தான் தண்ணீர் இருந்தது. கடல் வற்றம் தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்றோ, அவள் கவனிக்கவே இல்லை.

"அண்ணாச்சி, தண்ணி வத்துதே!"

"ஆமா குருவே."

"ஆமாவா? எப்பம் பாத்தீங்க?"

"கண்டல் மரத்தத் தாண்டயிலயே வேரெல்லாம் வெளிய தெரிஞ்சுது."

அமலி கோலை வள்ளத்தில் போட்டாள்.

"ஏன் சொல்லல?"

"ஒங்களுக்குத் தெரியாததா?"

"தெரியல! எனக்குத் தெரியல அண்ணாச்சி! கோவத்துல நான் கவனிக்கல!"

அண்ணாச்சி மெல்லச் சிரித்தார். பக்தியோடு தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"சோதிக்கீங்க."

"இது சோதன இல்ல. வள்ளம் தரை தட்டிட்டு!"

"உத்தரவு குருவே."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. விமலன்.

"என்னக்கா, முடிவு பண்ணியாச்சா? கொச்சிக்காரன் பெட்டியக் கட்டவா வேண்டாமான்னு கேக்கான்."

அமலி அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரைக்கு வந்து சொல்லுதேன்" என்று போனை வைத்தாள்.

பிறகு மேடையிலிருந்து இறங்கி அவர் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, ஒளிக்காமச் சொல்லிருதேன். விமலன்ட்ட ஒங்க பேரைச் சொல்ல மாட்டேன். வேண்டாம்னுதான் சொல்லப்போறேன்."

அவர் முகம் ஒரு கணம் வாடியது. அவ்வளவுதான்.

"சரி குருவே."

"சரியா?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? இது ஒங்க பொழப்பு அண்ணாச்சி! ஒங்க பொழப்பு!"

"காரணம் இல்லாம சொல்லுவீங்களா?"

அமலிக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனிதரை எட்டாவது மாடிக்கு அனுப்பப்போகிற பாவம் அவள் தலையில். அதற்கும் சரி என்கிறாரே! காரணத்தைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். சொன்னால் அதையும் உத்தரவாக எடுத்துக்கொள்வார், அதோடு எல்லாம் முடிந்தது.

அண்ணாச்சி இறங்கி வள்ளத்தைத் தள்ளினார். அமலி இந்தப் பக்கம் தோளைக் கொடுத்தாள். வலி உயிர் போயிற்று. வள்ளம் நகர்ந்த பாடில்லை. அண்ணாச்சியின் உள்ளங்காலைச் சிப்பி கிழித்துவிட்டது. தண்ணீரில் ரத்தம் நூலாகப் போயிற்று.

"விடுங்க அண்ணாச்சி. கடல் ஏத்தம் வந்தா தன்னால மிதக்கும்."

"உத்தரவு" என்று சொல்லவில்லை அவர். ஏறி முன்பக்கம் உட்கார்ந்துகொண்டார். காலைத் துண்டால் கட்டினார். தூண்டில் கழியை மடியில் போட்டுக்கொண்டார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. அமலி பின்பக்க மேடையில் ஏறி உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து அவர்தான் பேசினார், தண்ணீரைப் பார்த்தபடி.

"சாயங்காலம் கோயம்புத்தூருக்கு பஸ் இருக்கும்லா?"

"இருக்கும்."

"எட்டாவது மாடியில இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. எதுத்தாப்புல இன்னொரு எட்டாவது மாடிதான் தெரியும்."

அமலி கோலை இறக்கித் தண்ணீரின் ஆழம் பார்த்தாள்.

அவர் திரும்பவில்லை. அவள் முகத்தைப் பார்க்க இனி அவருக்கு என்ன இருக்கிறது? வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. இத்தனை நாள் பின்பக்கமே திரும்பிக்கிடந்த கழுத்து இப்போது தண்ணீர்ப் பக்கம் நின்றுவிட்டது. நண்டு ஓடுவதைப் பார்த்தார். குஞ்சு மீன்கள் கும்பலாகத் திரும்புவதைப் பார்த்தார். உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். அவரும் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டுதான் இருந்தார் போல. கழியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

ஏத்தம் தொடங்கியது. சத்தமே இல்லாமல், ஓடைப் பக்கமிருந்து தண்ணீர் ஊர்ந்து வந்தது. கணுக்காலிலிருந்து ஆடுசதை வரைக்கும் ஏறியது.

அதோடு மீனும் வந்தது.

அமலி முதலில் பார்த்தாள். இடப்பக்கம், பக்கத்திலேயே. செம்பு நிறத்தில் ஒரு முதுகு. நின்று, மூக்கை மண்ணில் குத்தி, வாலை வெளியே தூக்கியது. அகலமான வால், வெயில் பட்டுச் சிவந்தது. இந்தப் பருவத்தில் இவ்வளவு பெரிய மீனை அவள் இதுவரை பார்த்ததில்லை.

போகிற மனிதருக்கு ஒரு மீனாவது கொடுத்து அனுப்பலாம் என்று தோன்றியது. இந்தத் தடவை பொய் இல்லை.

"அண்ணாச்சி" என்றாள் மெதுவாக. "பதினோரு மணி. முப்பதடி. நல்ல மீனு."

அவர் எழுந்தார். கழியைத் தூக்கினார். நூல் காற்றில் ஒருமுறை போய் வந்தது. இனி கை இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

திரும்பவில்லை.

"வீசுங்க அண்ணாச்சி."

அவர் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு மணின்னு சொன்னேன்."

"இல்ல" என்றார் அண்ணாச்சி.

தன் காதில் விழுந்ததை அமலியால் நம்ப முடியவில்லை.

"என்னது?"

"அங்க இல்ல. வலப்பக்கம். அந்தச் சிப்பித் திட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு நெளியுது. நான் பாக்கேன்."

அமலி பார்த்தாள். சிப்பித் திட்டுக்கு இந்தப் பக்கம் பழுப்பாக ஒரு பாசிக்கொத்து, ஏத்தத்தின் இழுப்பில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. மீன் இல்லை. மீனின் நிழல்கூட இல்லை.

இடப்பக்கம் அந்தப் பெரிய வால் இன்னும் தூக்கியபடியே நின்றது.

"அண்ணாச்சி, நான் சொல்லுதது..."

"கொஞ்சம் சும்மா இருங்களேன்!"

கத்திவிட்டார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நின்றது. குருவே என்று சொல்ல மறந்துபோயிருந்தார். "ஒரு நிமிசம் சும்மா இருங்க. எனக்குத் தெரியுது. எனக்கே தெரியுது!"

பாசி என்று ஒரு வார்த்தை போதும். அமலியின் நாக்கு நுனியில் நின்றது அது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கோலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

அண்ணாச்சி வீசினார். வாழ்நாளில் அவர் வீசியதிலேயே அழகான வீச்சு. நூல் நீண்டு, நுனி மடிந்து, இறகு பாசிக்கொத்துக்கு ஒரு சாண் முன்னால் இறங்கியது. அவர் மூச்சை அடக்கினார். நூலை ஒரு சின்ன இழுப்பு இழுத்தார். இன்னொன்று. கொக்கி எதிலோ மாட்டியது. வெடுக்கென்று இழுத்தார்.

பாசி கொத்தோடு வந்தது.

அந்த அசைவில் இடப்பக்கம் தண்ணீர் கிழிந்தது. பெரிய மீன் ஒரே பாய்ச்சலாக ஓடைக்குள் போய்விட்டது. அது நின்ற இடத்தில் சேறு மட்டும் மெல்லக் கிளம்பிப் பரவியது.

அண்ணாச்சி அந்தச் சேற்றைப் பார்த்தார். கையில் தொங்குகிற பாசியைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

"பாசி" என்றார்.

"பாசிதான்" என்றாள் அமலி.

"மீன் நீங்க சொன்ன இடத்துல..."

"நின்னுச்சு. முழங்கை நீளத்துக்குப் பெருசு. வாலைத் தூக்கிட்டு ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு நின்னுச்சு."

அவர் பாசியை ஒவ்வொரு இழையாகக் கொக்கியிலிருந்து எடுத்தார்.

"சும்மா இருங்கன்னு வேற சொல்லிட்டேன்."

"கத்தினீங்க."

"இப்படி நான் பேசினதே கெடையாது. யார்ட்டயும்."

"தெரியும்."

"சுத்தமாத் தப்பாப் பாத்துட்டேன் குருவே."

"சுத்தமா."

வள்ளம் லேசாக அசைந்தது. தண்ணீர் அடியில் புகுந்து தூக்கிவிட்டது. கரைப் பக்கத்திலிருந்து மத்தியான மணி அடிக்கிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி மடியிலிருந்து போனை எடுத்தார். திரையைத் துடைத்தார். தலை நிமிரவே இல்லை.

"பையனுக்கு இப்பமே ஒரு வார்த்தை சொல்லிரட்டா?"

அமலி கோலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். தூண்டில் கழியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய், தண்ணீரைப் பார்த்து நின்றாள்.

"சொல்லுங்க" என்றாள். "வரலன்னு சொல்லுங்க."